பாராட்டில் விடுபட்ட பெயர்

கறுப்பு வெள்ளையில் ஓடும் ஆவணப்படம் அது. சிகாகோ நகரின் ஒரு மாடி. பியானோக்கள், கிதார்கள், டிரம்கள், தரையெங்கும் ஒயர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடத்தில் வரும் சில விநாடிகளுக்காக இரண்டு பேர் வாக்குவாதத்தில் இறங்கியிருக்கிறார்கள். கனத்த உடம்பும் நீண்ட தலைமுடியுமாக இருப்பவர் தன் கட்சியை விளக்கிக்கொண்டே இருக்கிறார். எதிரே இருப்பவருக்கு அது புரிந்துவிட்டது, அல்லது புரிய வேண்டியதில்லை. விளக்குகிறவர் விடுவதாக இல்லை. சற்று நேரத்தில் மற்றவர் எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுக்கிறார். அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கேமரா கதவுக்கு வெளியே நிற்கிறது.

விளக்கியவர் ஜே பென்னட். வாந்தி எடுத்தவர் ஜெஃப் ட்வீடி. இருவரும் வில்கோ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் தூண்கள். தகராறுக்குக் காரணமான அந்தச் சில விநாடிகள் இடம்பெற்ற ஆல்பத்தின் பெயர் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'. 2002ல் வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால், பணம் போட்ட கம்பெனி அதே இசையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

கம்பெனியின் காது தோற்றது, கலைஞனின் காது ஜெயித்தது என்று இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20 வருடங்களுக்கும் மேலாக அப்படித்தான் சொல்லப்பட்டும் வருகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு ஆளின் பங்கு அந்தக் கதைக்குள் அடங்கவில்லை.

இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அருகே மிசிசிப்பி ஆற்றின் மறுகரைப் பக்கம் இருக்கும் பெல்வில் என்ற ஊரில் 1967ல் பிறந்தவர் ட்வீடி. அப்பா ரயில்வே தொழிலாளி. பள்ளித் தோழன் ஜே ஃபேராருடன் சேர்ந்து அவர் நடத்திய குழு 'அங்கிள் டுபெலோ'. கிராமிய இசையின் சோகத்தையும் பங்க் ராக்கின் கோபத்தையும் கலந்து அவர்கள் 1990ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் பெயரிலேயே பின்னால் ஒரு இசைப் பத்திரிகை தொடங்கப்பட்டது. அந்தப் பாணிக்கே அது அடையாளமாயிற்று. 1994ல் நண்பர்கள் பிரிந்தார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு ட்வீடி தொடங்கியதுதான் வில்கோ.

பெயரிலேயே ஒரு கிண்டல் இருக்கிறது. வில்கோ என்பது ராணுவத்திலும் விமானத்திலும் வயர்லெஸ்ஸில் புழங்கும் சொல். 'சொன்னபடி செய்கிறேன்' என்று பொருள். சொன்னபடி செய்ய மறுத்ததால்தான் இந்தக் குழு சரித்திரத்தில் இடம்பிடித்தது.

முதல் ஆல்பத்துக்குப் பிறகு குழுவுக்கு வந்து சேர்ந்தவர் பென்னட். 1963ல் பிறந்தவர். எலெக்ட்ரானிக் சாமான்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசிப்பார். எந்தப் பெட்டி கெட்டுப்போனாலும் திறந்து சரிசெய்வார். ட்வீடியிடம் வார்த்தைகளும் மெட்டுகளும் இருந்தன. அவற்றுக்குச் சதையும் நிறமும் கொடுக்கும் கை பென்னட்டுக்கு இருந்தது. 1996ல் இரட்டை ஆல்பமாக வந்த 'பீயிங் தேர்', 1999ல் வந்த 'சம்மர்டீத்' இரண்டிலும் இந்தக் கூட்டின் பலன் தெரியும். இடையில் 1998ல், மறைந்த நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி எழுதிவைத்துவிட்டுப் போன பாடல்களுக்கு ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராக்குடன் சேர்ந்து இசையமைத்தார்கள். அந்த ஆல்பத்துக்கும் நல்ல பெயர். விமர்சகர்களுக்கு வில்கோவைப் பிடித்திருந்தது. கடைகளில்தான் போதிய விற்பனை இல்லை.

வில்கோ 'இண்டி' ராக் குழுவா என்பதில் ஒரு சர்ச்சை உண்டு. 'இண்டி' என்றால் பெரிய கம்பெனிகளைச் சாராத சுதந்திர இசை. அப்போது வில்கோவோ, ஃபிராங்க் சினாட்ரா 1960ல் தொடங்கி பிறகு வார்னர் குடும்பத்தில் சேர்ந்த ரீப்ரைஸ் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆனால் நடத்தையில் அது சுதந்திரக் குழுதான். ஸ்டூடியோவுக்கு மணிக் கணக்கில் வாடகை கொடுப்பதற்குப் பதிலாக சிகாகோவில் ஒரு மாடியைப் பிடித்து அதையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டார்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் இசையைச் சோதித்துப் பார்க்க அது தோதாக இருந்தது. 2000ம் ஆண்டின் பிற்பகுதியில் 'யாங்கி'யின் வேலை அங்கேதான் சூடு பிடித்தது.

முதல் பலி டிரம் வாசித்த கென் கூமர். 2001 தொடக்கத்தில் அவர் வெளியேற்றப்பட்டார். அந்த இடத்துக்கு வந்த க்ளென் கோச்சி தாளத்தை மட்டும் வாசிக்கிறவர் அல்ல. கையில் கிடைத்த பொருளிலெல்லாம் ஓசை எழுப்பிப் பார்க்கிறவர். அடுத்து, பதிவு செய்ததையெல்லாம் கலந்து இறுதி வடிவம் கொடுக்க ஜிம் ஓரூர்க் என்ற பரிசோதனை இசைக்காரரை ட்வீடி அழைத்துவந்தார். அந்த வேலையைத் தானே செய்ய நினைத்திருந்த பென்னட்டுக்கு அது அடி.

ஓரூர்க் செய்தது பெரும்பாலும் நீக்கும் வேலை. ஒரே பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாக வாத்தியங்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் எது இருக்க வேண்டும், எது எப்போது தலைகாட்டி மறைய வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அதனால் ஆல்பத்தைக் கேட்கும்போது ஒரு விசித்திர அனுபவம் ஏற்படுகிறது. எளிமையான மெட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எங்கிருந்தோ ஒரு மணி அடிக்கும். பொம்மைப் பியானோ சிணுங்கும். ரேடியோ இரைச்சல் வந்து மூடும். மறுபடி மெட்டு மட்டும் தனியாக நிற்கும். மொத்தம் 11 பாடல்கள். முதல் பாட்டே ஏறக்குறைய ஏழு நிமிடம். தாளம் தட்டுத்தடுமாறி எழுந்து நடந்து, கடைசியில் இரைச்சலில் கரைகிறது. கடைசிப் பாட்டும் கிட்டத்தட்ட அதே நீளம். பாடகர் பாடி முடித்த பிறகும் நிமிடக் கணக்கில் வெறும் ஒலி மெல்ல அடங்கிக்கொண்டே போகிறது. நடுவே 'ஹெவி மெட்டல் டிரம்மர்' போல, இளமைக்கால கோடை இரவுகளை நினைத்து ஏங்கும் துள்ளலான பாட்டும் உண்டு. வயலின்கள் இழைந்துவரும் 'ஜீசஸ், எட்செட்ரா' போல ஒரு தாலாட்டும் உண்டு.

தலைப்பின் கதை தனி. உலகின் பல மூலைகளிலிருந்து சிற்றலை ரேடியோவில் எண்களையும் எழுத்துகளையும் மட்டும் படித்துக்கொண்டிருக்கும் மர்ம நிலையங்கள் உண்டு. உளவாளிகளுக்குச் சங்கேதச் செய்தி அனுப்பும் வழி அது என்று கருதப்படுகிறது. லண்டனைச் சேர்ந்த இர்டியல் என்ற சிறு நிறுவனம் அந்த ஒலிபரப்புகளைத் தொகுத்து 1997ல் குறுந்தட்டுகளாக வெளியிட்டிருந்தது. அதில் ஒரு பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல் மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: யாங்கி, ஹோட்டல், ஃபாக்ஸ்ட்ராட். ஒய், எச், எஃப் என்ற மூன்று எழுத்துகளுக்கு வயர்லெஸ் பாஷை. 'புவர் பிளேசஸ்' என்ற பாட்டின் முடிவில், பெருகிவரும் இரைச்சலுக்கு நடுவே வில்கோ அந்தக் குரலை வைத்தது. கேட்காமல் எடுத்ததற்காக இர்டியல் வழக்குப் போட, விவகாரம் பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. தகவல் வந்துகொண்டே இருக்கிறது, பெறுகிறவருக்கு அர்த்தம் எட்டவில்லை. ஆல்பத்தில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் அதுதான். நேசிக்கிறவர்களிடம்கூட மனதில் இருப்பதைச் சொல்ல முடியாமல் தவிக்கிற ஒருவனின் குரல் அது. அந்த மாடியில் நடந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுவே.

2001ன் நடுவில் ஆல்பம் ரீப்ரைஸின் மேஜைக்குப் போனது. நேரம் சரியில்லை. அந்த ஜனவரியில்தான் அமெரிக்கா ஆன்லைனும் டைம் வார்னரும் ஒன்றாகியிருந்தன. கணக்குப் புத்தகங்கள் புரட்டப்பட்டன, ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். வில்கோவுக்கு அரணாக இருந்த ரீப்ரைஸ் தலைவர் ஹோவி க்ளைன் விலகிப்போனார். மிஞ்சியிருந்தவர்கள் ஆல்பத்தைக் கேட்டார்கள். ரேடியோவில் போட ஒரு பாட்டுகூடத் தேறவில்லையே என்பது அவர்கள் கவலை. மாற்றச் சொன்னார்கள். குழு மறுத்தது. அப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சுமார் 85,000 டாலர் செலவில் உருவானதாகச் சொல்லப்படும் அந்த ஒலிநாடாக்கள் கடைசியில் குழுவின் கைக்கே வந்தன.

ரீப்ரைஸை வில்லனாக்குவது சுலபம். அதன் நியாயத்தையும் பார்க்க வேண்டும். முந்தைய ஆல்பங்கள் பாராட்டு வாங்கிய அளவுக்குப் பணம் வாங்கித் தரவில்லை. இசையை விற்கிறவனுக்கு ரேடியோதான் அப்போது கடைவாசல். வாசலில் நிறுத்த ஒரு சரக்கும் இல்லாமல் கடையைத் திறக்க அவன் தயங்கினான். அவன் தவறு, தான் அறிந்த வாசல் ஒன்றுதான் உண்டு என்று நம்பியது.

வேறொரு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. ஆல்பத்தின் பிரதிகள் ரசிகர்களிடையே கம்ப்யூட்டர் வழியே கசியத் தொடங்கியதும் வில்கோ தானே முந்திக்கொண்டது. 2001 செப்டம்பர் 18 முதல், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் கேட்கலாம் என்று தன் இணையதளத்தில் முழு ஆல்பத்தையும் ஒலிக்கவிட்டது. இன்று குழந்தைகூடச் செய்யும் காரியம். அன்று அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஓசியில் கேட்டவன் எதற்காகக் காசு கொடுத்து வாங்கப் போகிறான்? ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் குழு ஊர் ஊராகப் போனபோது, கடைக்கே வராத பாடல்களை ரசிகர்கள் கூடவே பாடினார்கள்.

தேதியைக் கவனிக்க வேண்டும். ஆல்பம் வெளியாக முதலில் குறிக்கப்பட்டிருந்த நாள் 2001 செப்டம்பர் 11. இணையத்தில் அது ஒலிக்கத் தொடங்கியபோது நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆல்பத்தின் அட்டையில் இருப்பதோ, கீழேயிருந்து அண்ணாந்து எடுக்கப்பட்ட இரண்டு கோபுரங்களின் படம். அவை சிகாகோவின் மரீனா சிட்டி கட்டடங்கள். ஒரு பாட்டின் பெயரில் அமெரிக்கக் கொடிகளின் சாம்பல் இருந்தது. இன்னொன்றின் பெயரில் போர் இருந்தது. 'ஜீசஸ், எட்செட்ரா'வில் உயர்ந்த கட்டடங்கள் அதிர்வது பற்றிக் குறிப்பு வருகிறது. எல்லாம் கோபுரங்கள் விழுவதற்குப் பல மாதம் முன்பே எழுதிப் பாடி முடித்தவை. ஆனால் துக்கத்தில் இருக்கிறவன் பாட்டு எழுதப்பட்ட தேதியைக் கேட்பதில்லை. தனி மனிதர்களின் குழப்பத்தைப் பாடிய ஆல்பம் ஒரு தேசத்தின் குழப்பத்தைப் பாடியதாக ஆனது.

2001 நவம்பரில் நன்சச் என்ற நிறுவனம் ஆல்பத்தை வாங்கியது. தமிழர்களுக்கும் கொஞ்சம் உறவுள்ள பெயர் இது. 1964ல் மலிவு விலையில் ஐரோப்பிய செவ்வியல் இசைத்தட்டுகள் போடத் தொடங்கி, அடுத்த சில வருடங்களில் உலகத்தின் பாரம்பரிய இசைகளைத் தேடிப்போன நிறுவனம். ராம்நாடு கிருஷ்ணனின் கர்நாடக இசையை 1960களின் இறுதியிலேயே அமெரிக்கக் கடைகளுக்குக் கொண்டுபோனது அதுதான். பிறகு போலந்தின் கோரெட்ஸ்கி, கியூபாவின் புவனா விஸ்டா முதியவர்கள் என்று, யாரும் விலைபோகும் என்று நினைக்காத இசையை விற்றுக்காட்டியது. நன்சச்சும் வார்னர் குடும்பத்துப் பிள்ளைதான் என்பதுதான் வேடிக்கை. இடது கை தூக்கியெறிந்ததை வலது கை காசு கொடுத்து வாங்கியது. ஒரே முதலாளி ஒரே ஆல்பத்துக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தார்.

2002 ஏப்ரல் 23 அன்று ஆல்பம் கடைக்கு வந்தது. முதல் வாரத்திலேயே 55,000க்கும் மேல் விற்று, பில்போர்ட் பட்டியலில் 13வது இடத்தில் நுழைந்தது. வில்கோ அதுவரை கண்டிராத உயரம். ஓசியில் கேட்டவர்களும் வாங்கியிருந்தார்கள். காலப்போக்கில் விற்பனை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இணைய இதழான பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டது. அமெரிக்கா முழுவதிலும் இருந்து நூற்றுக்கணக்கான விமர்சகர்கள் வாக்களித்துவந்த 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையின் தேர்தலில் அந்த ஆண்டின் முதலிடம் இதற்கே. அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது 'ரோலிங் ஸ்டோன்' மூன்றாவது இடம் கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் நான்காவது இடம்.

எல்லோரும் மயங்கிவிடவில்லை. சாதாரணப் பாடல்களின் மேல் இரைச்சலைப் பூசி ஆழமாகக் காட்டுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். ரீப்ரைஸ் மறுக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு கொண்டாட்டம் நடந்திருக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். கம்பெனிக்காரன் துரத்த, கலைஞன் தலைநிமிர்ந்து திரும்பிவரும் கதையைப் போல விமர்சகனுக்கு இனிப்பது வேறொன்றில்லை. தன் தொழிலின் தேவையையே அது நிரூபிக்கிறது. ஆகவே பல விமர்சனங்களில் பாதி இடத்தை அந்தக் கதையே எடுத்துக்கொண்டது. இசை மீதி இடத்தில் ஒண்டிக்கொண்டது.

ஆனால் கதையின் புழுதி அடங்கிய பிறகும் பாடல்கள் நிற்கின்றன. ட்வீடி தனியாக ஒரு கிதாரோடு மேடையேறி இதே பாடல்களைப் பாடுவதுண்டு. இரைச்சல் இல்லை, மணி இல்லை, பொம்மைப் பியானோ இல்லை. அப்போதும் அவை விழுந்துவிடவில்லை. அடித்தளம் உறுதி. அப்படியென்றால் இரைச்சல் வெறும் பூச்சா? அதுவும் இல்லை. தனிக் கிதாரில் அவை நல்ல பாடல்கள். ஆல்பத்தில் அவை, ஏதோ ஒரு தூரத்து நிலையத்திலிருந்து தடங்கல்களுக்கு நடுவே வந்துசேரும் செய்திகள். அந்த தூரத்தையும் தடங்கலையும் உருவாக்கியது யார் என்று கேட்கும்போதுதான் விடுபட்ட பெயர் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆல்பம் வெளிவரும்போது ஜே பென்னட் குழுவில் இல்லை. 2001 கோடையின் முடிவில், வேலை முடிந்த கையோடு அவர் நீக்கப்பட்டார். வட்டத்துக்கு ஒரு மையம்தான் இருக்க முடியும் என்று ட்வீடி தன்னிடம் சொன்னதாக அந்த ஆவணப்படத்தில் பென்னட்டே சொல்கிறார். சாம் ஜோன்ஸ் எடுத்த அந்தப் படமும் 2002லேயே திரைக்கு வந்தது. படத்தைப் பார்த்த பலருக்கு மனதில் தங்கியது, சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சோதிக்கும் ஒரு மனிதரின் பிம்பம். அவர் வாசித்ததும் பதிவு செய்ததும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன, கண்ணுக்குத் தெரிவது பிடிவாதம் மட்டும்.

விமர்சனத்துக்கும் ஒரு மையம் தேவைப்பட்டது. பாடுகிறவர், எழுதுகிறவர், கம்பெனியை எதிர்த்து நின்றவர் என்று எல்லாப் பூமாலையும் ட்வீடியின் கழுத்தில் விழுந்தது. தேவையற்றதை நீக்கிய ஓரூர்க்கின் கைக்குப் புகழ் சேர்ந்தது. அதுவும் தகும். ஆனால் நீக்குவதற்கு முன் யாரோ ஒருவர் அத்தனையையும் அடுக்கியிருக்க வேண்டும் அல்லவா? சிற்பி கல்லைக் குறைத்துக் குறைத்துச் சிலை செய்கிறான். அதற்கு முன்னால் மலையிலிருந்து பாறையைப் பெயர்த்து இழுத்துவந்தவனைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

2002 ஏப்ரல் 23 அன்று இன்னொரு ஆல்பமும் கடைக்கு வந்தது. நண்பர் எட்வர்ட் பர்ச்சுடன் சேர்ந்து பென்னட் உருவாக்கிய 'தி பேலஸ் அட் 4ஏஎம்'. ஒரே நாளில் பழைய நண்பர்கள் இருவரும் தனித்தனியாக அங்காடியில் நின்றார்கள். ஒன்றுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். மற்றொன்றை விஷயம் தெரிந்த சிலர் மட்டும் எடுத்துப் பார்த்தார்கள்.

பிறகு நடந்தவை ரசிகர்கள் சொல்லத் தயங்குபவை. ஒற்றைத் தலைவலியும் பதற்ற நோயும் ட்வீடியை வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாக்கியிருந்தன. 2004ல் அவர் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்று மீண்டார். அந்த ஆண்டு வந்த வில்கோவின் அடுத்த ஆல்பம் 2005ல் கிராமி விருது வாங்கியது. யாங்கிக்குத் தரத் தவறியதைத் தாமதமாகத் தந்துவிட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். பென்னட் இல்லினாயில் சிறியதொரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக்கொண்டு தன் பாடல்களை வெளியிட்டுவந்தார். இடுப்பு மூட்டு தேய்ந்து அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. செலவை ஈடுகட்ட இன்ஷூரன்ஸ் கைகொடுக்கவில்லை. 2009 மே மாதத் தொடக்கத்தில் தனக்குச் சேரவேண்டிய ராயல்டி பாக்கி என்று ட்வீடி மீது வழக்குத் தொடுத்தார். அதே மாதம் 24ம் தேதி தூக்கத்தில் இறந்துபோனார். வயது 45. ஃபென்டனில் என்ற வலிநிவாரணி அளவு மீறி உடம்பில் சேர்ந்ததே காரணம், அது தற்செயல் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

2018ல் வெளிவந்த தன் சுயசரிதையில் ட்வீடி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பென்னட்டும் போதைப் பிடியில் இருந்தார் என்றும், அவரை விலக்காவிட்டால் தான் உயிரோடு இருந்திருக்க மாட்டோம் என்று பயந்ததாகவும் சொல்கிறார். அதைப் பொய் என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஒரே நோயில் மூழ்கிய இருவர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டால் இருவரும் மூழ்கிவிடுவார்கள் என்பது நடக்கக்கூடியதே. ஆனால் பதில் சொல்ல மறுபக்கத்தில் ஆள் இல்லை என்பதும் உண்மை. தப்பித்தவர் எழுதுவதுதான் வரலாறு என்றால், அதைப் படிக்கும்போது எதிரே இருக்கும் காலி நாற்காலியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

20 ஆண்டு நிறைவையொட்டி 2022 ஏப்ரலில் வில்கோ நியூயார்க்கிலும் சிகாகோவிலும் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தது. அதே வருடம், அந்த மாடியில் பதிவாகிக் கிடப்பில் போடப்பட்டிருந்த முந்தைய வடிவங்களையெல்லாம் தொகுத்துப் பெரிய பெட்டியாக நன்சச் வெளியிட்டது. 2023ல் வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. ரீப்ரைஸ் நிராகரித்த ஆல்பம் வரலாறு என்று சான்றிதழே வாங்கிவிட்டது.

அந்தப் பெட்டிதான் பென்னட்டுக்குக் கிடைத்திருக்கும் தாமதமான நியாயம். ஒரே பாட்டு அதில் மூன்று நான்கு உருவங்களில் வருகிறது. வேகமாக ஒன்று, மந்தமாக ஒன்று, வாத்தியங்கள் நெரிசலாக ஒன்று, எல்லாம் கழன்று விழுந்து ஒன்று. வரிசையாகக் கேட்டால், யாரும் ஒரே இரவில் ஞானம் பெற்று இந்த ஆல்பத்தைச் செய்யவில்லை என்று தெரிகிறது. மாதக் கணக்கில் சிலர் சேர்ந்து தேடியிருக்கிறார்கள், தவறியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கும் வழியை விட்டுவிட்டு இன்னும் நன்றாக இருக்கும் வழியைத் தேடியிருக்கிறார்கள். மதிப்பெண்ணும் பட்டியலும் சொல்லாத தகவல் இது. விமர்சகர்கள் ஆல்பத்தைச் சரியாகத்தான் எடைபோட்டார்கள். எத்தனை கைகள் அதைத் தூக்கிவந்தன என்பதை எடைக்கல் சொல்லாது.

அந்த 11 பாடல்களில் அதிகம் பேர் முணுமுணுப்பது எது என்று கேட்டால் 'ஜீசஸ், எட்செட்ரா' என்பார்கள். ஒருவர் இன்னொருவரிடம் அழ வேண்டாம், நான் இருக்கிறேன் என்று ஆறுதல் சொல்லும் பாட்டு. பண்டிட் ரவிஷங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் உட்பட வேறு பலரும் அதைப் பாடியிருக்கிறார்கள். ஆல்பத்துடன் வந்த தாளைப் பிரித்து அந்தப் பாட்டை இயற்றியவர்கள் யார் என்று பார்த்தால் இரண்டு பெயர்கள் இருக்கும். பேசிக்கொள்ளாமலே பிரிந்துபோன ட்வீடியும் பென்னட்டும் அங்கே மட்டும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.